சென்னையில் குடியால் ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்களை மாநகராட்சி வட்டவாரியாக எண்ணிச் சொல்லுங்கள்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைச் செயலாளர், பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் ஆகிய மூவருக்கும்,

எங்களுக்குப் பக்கத்துக் காலனியில் இருந்த டாஸ்மாக் கடையை அங்கே உள்ள குடியிருப்போர் சங்கத்தார் மனு மேல் மனு போட்டு, டி.வி.க்காரர்களைக் கூட்டி வந்து எடுக்க வைத்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் எடுத்த கடையைக் கொண்டு வந்து எங்கள் மார்க்கெட் முனையில் வைத்துவிட்டார்கள். கேட்கப் போனால், விதிப்படி பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் 50 மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது, வேண்டுமானால் டேப் வைத்து அளந்து பாருங்கள் என்றார்கள். சரி, எங்கள் பகுதியிலிருந்து குடியால் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், அந்தக் காலனியிலிருந்து எத்தனை பேர், கடையை மாற்றும்போது அதைப் பார்த்தீர்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டோம். ‘கோரப்பட்ட தகவல் தொகுக்கப்பட்ட வடிவில் இவ்வலுவலகத்தில் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. வேறு எங்கே கேட்டிருந்தாலும் இதே வரிதான் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் இந்தப் பதிலை அப்படியே மடித்து வைத்துவிட்டுப் போக முடியவில்லை. ஒவ்வொரு கேஸ் ஷீட்டின் தலைப்பிலும் பெயர், வயது, அதற்குக் கீழே கதவு எண், தெரு, பகுதி, பின்கோடு எல்லாம் இருக்கிறது. நாங்கள்தானே எழுதினோம்? அடிபட்டு வருகிறவருக்கு விபத்துப் பதிவேட்டில், நாங்கள் ஏ.ஆர். என்போம், பதிவு போடும்போது மூச்சில் மது வாடை இருந்தால் டியூட்டி டாக்டர் அதைக் குறித்தே தீருவார், ஏனென்றால் நாளைக்குக் கோர்ட்டில் கேட்பார்கள். எந்த முனையில் ஆளை ஏற்றியது என்பது 108 வண்டியின் பதிவில் இருக்கிறது. எல்லாம் தனித்தனியாகக் கிடக்கிறது, ஒன்றாகக் கூட்டிப் பார்க்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, அவ்வளவுதான்.

விற்பனைப் பக்கத்தில் மட்டும் கணக்கு சுத்தமாக இருக்கிறது. 2023-24இல் 45,855 கோடி ரூபாய், 2024-25இல் 48,344 கோடி ரூபாய் என்று டாஸ்மாக் மூலம் வந்த வருவாயைச் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் அச்சடித்துத் தருகிறீர்கள். தீபாவளி முடிந்த கையோடு, மதுரை மண்டலம் முந்தியதா சென்னை முந்தியதா என்று பத்திரிகைகளில் பட்டியல் வந்துவிடுகிறது. அதே தீபாவளி ராத்திரி காஷுவாலிட்டியில் ஸ்ட்ரெச்சர் போதாமல் தரையில் உட்கார வைத்துத் தலையில் தையல் போட்டிருக்கிறோம். அவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. கடை மூடி அரைமணி நேரத்தில் எங்களுக்கு வேலை கூடும் என்பது நைட் டியூட்டி பார்த்த எந்த சிஸ்டரைக் கேட்டாலும் தெரியும்.

முடியாத வேலை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 2020இல் கொரோனா பரவியபோது ராயபுரத்தில் இத்தனை, கோடம்பாக்கத்தில் இத்தனை, திரு.வி.க. நகரில் இத்தனை என்று மண்டலவாரியாகத் தினமும் எண்ணிக்கை வெளியிட்டது இதே மாநகராட்சிதான். எங்கே அதிகமோ அங்கே முகாம் போட்டு ஆட்களை அனுப்பினீர்கள். டெங்கு வந்தால் வீட்டு வாசல் வரை வந்து டிரம்மில் புழு இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். கொசுவுக்குக் கிடைக்கிற கவனம் குவாட்டருக்குக் கிடைக்கக் கூடாதா?

எண்ணுவது என்று முடிவு செய்தாலும் எப்படி எண்ணுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் பார்த்த ஒரு கேஸைச் சொல்கிறேன், இதைப் போல எத்தனையோ. எலும்பு முறிவு வார்டில் ஒரு ஆள், நாற்பது வயது இருக்கும், மூட்டை தூக்குகிறவர். கால் எலும்பு உடைந்து சேர்ந்தார். முதல் நாள் தங்கமான ஆள், கேட்டதற்கெல்லாம் ‘சரிங்கக்கா’ என்றார். மூன்றாம் நாள் சாயங்காலம் கை நடுங்க ஆரம்பித்தது, வியர்த்துக் கொட்டியது. ராத்திரி போர்வையிலிருந்து எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பக்கத்துக் கட்டில்காரர் மேல் போட்டுக்கொண்டிருந்தார். போர்வையில் எறும்பே கிடையாது. மாவுக்கட்டுக் காலோடு இறங்கி ஓடப் பார்த்தவரை காஸ் துணியால் கட்டிலோடு கட்ட வேண்டியதாகிவிட்டது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவர் மனைவி அழுதுகொண்டே பூசாரிக்கு போன் போடுகிறார். தினமும் குடித்துப் பழகிய உடம்புக்கு மது சட்டென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் வருகிற குழப்பம் அது, கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். தயமின் ஊசி, லிப்ரியம் மாத்திரை, இரண்டு ராத்திரி பக்கத்திலேயே ஒரு சிஸ்டர். பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘கால் எலும்பு முறிவு’ என்று இருந்தது. குடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் கீழே விழுந்ததற்கும் அதுதான் காரணம், வார்டில் சாகக் கிடந்ததற்கும் அதுதான் காரணம், ஆனால் அரசாங்கத்தின் காகிதத்தில் அவர் வெறும் கால் உடைந்தவர்.

மெடிக்கல் வார்டிலும் இதே கதைதான். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, மாதம் ஒருமுறை ஊசி போட்டு ஜாடி ஜாடியாக நீர் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் ரத்த வாந்தியோடு வருவார்கள். கடைசியில் இறப்புச் சான்றில் ‘இதயமும் சுவாசமும் நின்றதால்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். செத்தவர் யாருக்கு இதயம் நிற்காமல் இருந்திருக்கிறது? ஈரல் ஏன் கெட்டது என்ற வரியை எழுதுவதற்குள் அடுத்த கேஸ் வந்துவிடும். டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு ஹவுஸ் சர்ஜன் ஒரு ராத்திரியில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டில் மதுவால் வரும் மனநிலைக் கோளாறுக்கு எஃப்10, மதுவால் கெட்ட ஈரலுக்கு கே70, மது நஞ்சானதற்கு டி51 (T51) என்று தனித்தனி எண்ணே இருக்கிறது. அதை எழுதச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

அப்புறம், குடிக்காமலே குடியால் சேர்கிறவர்கள். பெண்கள் வார்டில் நெற்றி பிளந்து, மணிக்கட்டு முறிந்து வருகிற பெண் ‘மாடிப்படியில விழுந்துட்டேன் சிஸ்டர்’ என்பார். குடிசையாக இருக்கும், மாடியே இருக்காது. அவர் மூச்சில் வாடை இருக்காது, ஆகவே ஏ.ஆரில் மதுவைப் பற்றி ஒன்றும் வராது. வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும் புருஷன் மேல்தான் வாடை. அவரை யாரும் எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை. பகுதிவாரிக் கணக்கில் இந்தப் பெண்கள் வரவில்லை என்றால் அந்தக் கணக்கு பாதிக் கணக்குகூட ஆகாது.

அரசு ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் எடுத்து வெளியிட்டீர்கள் என்றால் முதலில் எதிர்ப்பவள் நானாகத்தான் இருப்பேன். காரணம் இருக்கிறது. அண்ணா நகரிலும் அடையாறிலும் ஈரல் கெடாமலா இருக்கிறது? அங்கே தனியார் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் குடிப்பழக்கத்துக்கும் அதனால் வருகிற பாதிப்புக்கும் பணம் தரமாட்டோம் என்று விலக்கு இருக்கிறது. அதனால் குடும்பத்தார் கெஞ்சுவார்கள், கேஸ் ஷீட்டில் மது என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்வார்கள். ‘கேஸ்ட்ரைடிஸ்’, ‘ஃபேட்டி லிவர்’ என்று கௌரவமான பெயரில் உள்ளே போய் வெளியே வந்துவிடுவார்கள். அங்கே குடிக்கிறவர் கிளப்பிலும் நட்சத்திர ஓட்டலிலும் குடிக்கிறார், வீட்டு டிரைவர் கூட்டி வந்து விடுகிறார். இங்கே குடிக்கிறவர் ரோட்டில் விழுகிறார், 108 வருகிறது, ஏ.ஆர். ஆகிறது. அரசுப் பதிவை மட்டும் வரைபடத்தில் போட்டால் எங்கள் வடசென்னையின் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் காசிமேடும் மட்டும் சிவப்பாகத் தெரியும். ஏற்கெனவே எங்கள் பக்கத்தை ரவுடி ஏரியா என்றுதான் சொல்கிறார்கள். குடிகார ஏரியா என்ற பட்டமும் எங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய அரசு மருத்துவமனைகளுக்குத் திருவள்ளூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும், ஏன் ஆந்திர எல்லையிலிருந்தும்கூட வருகிறார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தை வைத்து எண்ணினால் தப்பாகிவிடும், வீட்டு முகவரியை வைத்துத்தான் எண்ண வேண்டும். அதுமட்டும் போதாது, எங்கே குடித்தார், எங்கே அடிபட்டார் என்பதும் வேண்டும். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரத்தில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர், அடிதடியில் காயம்பட்டுத் தன்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் போலீஸ் பதிவில் இல்லவே இல்லை என்பதைக் கவனித்தார். அதற்குப் பிறகு அங்கே அவசரப் பிரிவு வரவேற்பில் இருப்பவர்களே எந்தத் தெரு, எந்த மதுக்கூடம், எத்தனை மணி, எதைக் கொண்டு அடித்தார்கள் என்று கேட்டுக் குறித்தார்கள். பெயரை எடுத்துவிட்டு அந்த விவரத்தை மட்டும் நகராட்சிக்கும் போலீசுக்கும் கொடுத்தார்கள். எந்த இடத்தில் எந்த நேரத்தில் ஆள் வேண்டும் என்று தெரிந்தது. அதே மாதிரியான மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் வன்முறைக் காயத்தால் ஆஸ்பத்திரியில் சேர்வது 42 விழுக்காடு குறைந்தது என்று 2011இல் ஆய்வு வெளியானது. அவர்கள் நான்கு கேள்வி கூடுதலாகக் கேட்டார்கள், அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இங்கிலாந்தில் குடியால் சேர்கிறவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதிக்கும் வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே தெரிய வந்த ஒரு விஷயம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். ஏழைப் பகுதியில் இருப்பவர் வசதியான பகுதிக்காரரைவிட அதிகமாகக் குடிப்பதில்லை, அப்படியிருந்தும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் சாவதும் ஏழைப் பகுதியில்தான் அதிகம். சாப்பாடு, பீடி, வேலை, வைத்தியத்துக்குத் தாமதமாக வருவது என்று பல காரணம் சொல்கிறார்கள். சென்னையில் எப்படி என்று எண்ணினால்தானே தெரியும்? எண்ணாத வரை, இந்த ஜனங்கள் இப்படித்தான் என்று பேசிவிட்டுப் போவது சுலபம்.

எங்கள் பக்கத்தில் குடிக்கும் முறையைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ 42.8 விழுக்காடு. கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் 60 கிராம் வருகிறது. ஒரே அமர்வில் 60 கிராம் குடித்தாலே அளவுக்கு மீறிய குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதாவது நீங்கள் கவுண்டரில் நீட்டுகிற பாட்டிலே அந்த எல்லையில்தான் ஆரம்பிக்கிறது. அதை வேலை முடிந்து, காலி வயிற்றில், ஒரு பாக்கெட் தண்ணீரோடு, நின்ற நிலையில் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். வாங்கியதில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்த கோபம் வேறு.

கடை இருப்பதற்கும் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், உங்கள் கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2020 மார்ச் கடைசியில் எல்லாக் கடைகளும் மூடப்பட்டன. மற்ற மாவட்டங்களில் மே மாதமே திறந்தாகிவிட்டது, சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை. கிட்டத்தட்ட ஐந்து மாதம். அந்த மாதங்களின் ஏ.ஆர். பதிவேடுகளை எடுங்கள். வண்டி ஓடாததால் விபத்தும் குறைந்திருக்கும், அதைத் தள்ளிவிட்டு அடிதடி, வீட்டுக் காயம், ஈரல் கேஸ் மட்டும் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தில் மது கிடைக்காமல் நடுக்கம் எடுத்து வந்தவர்களையும் சேர்த்தே பாருங்கள். ஏனென்றால் நான் ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் மூடுங்கள் என்று கேட்கவில்லை. அப்போது வார்னிஷைக் குடித்தும் ஷேவிங் லோஷனைக் குடித்தும் ஆட்கள் செத்தார்கள். 2023இல் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் என்ன செய்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்தபோது ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் எத்தனை பேர் என்று கணக்குச் சொன்னது அரசாங்கம். ஒரே நாளில் கும்பலாகச் செத்தால் கணக்கு உண்டு, தனித்தனியாக வருஷம் முழுக்கச் செத்தால் கணக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

2016இல் 500 கடை, 2017இல் 500, 2023இல் 500 என்று மூடினீர்கள். எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும் எண் மட்டும் 500தான், இது எனக்கு இன்னும் புரியவில்லை. எந்தக் கடை என்று தேர்ந்தெடுக்கும்போது பள்ளி பக்கமா, கோயில் பக்கமா, விற்பனை எவ்வளவு என்றெல்லாம் பார்த்ததாகப் பத்திரிகையில் படித்தோம். அந்தக் கடையைச் சுற்றியிருக்கும் தெருக்களிலிருந்து எத்தனை பேர் ஸ்ட்ரெச்சரில் போனார்கள் என்று பார்த்ததாக எங்கும் படிக்கவில்லை.

மீட்பு சிகிச்சையிலும் இதே இருட்டுதான். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது, 180 பேரில் ஒருவருக்குத்தான் உள்நோயாளியாகப் படுக்கை கிடைக்கிறது என்று நாடு முழுவதற்கும் சொல்லியிருந்தார்கள். நாம் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். கூலிக்காரர் ஒரு நாள் வேலையை விட்டு, பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, மறுபடி அடுத்த வாரமும் போக வேண்டும். ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா அனுப்புறீங்க’ என்று என்னிடம் சண்டை போட்ட பெண்களே உண்டு. எந்த வட்டத்தில் தேவை அதிகமோ அங்கே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு மாலை ஒரு மனநல மருத்துவரும் ஆலோசகரும் உட்கார்ந்தாலே பாதிப் பேர் வருவார்கள்.

இப்போது எங்கள் கோரிக்கைகள்.

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களே, சென்னையின் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இறப்புச் சான்றிலும் மதுவின் பங்கு இருந்தால் அதற்குரிய குறியீட்டை எழுதியே ஆக வேண்டும் என்று உத்தரவிடுங்கள். சேர்ந்ததற்குக் காரணம் எலும்பு முறிவாக இருந்தாலும் இரண்டாவது வரியில் அது வரட்டும். காஷுவாலிட்டியில் எங்கே நடந்தது, எத்தனை மணிக்கு, எங்கே குடித்தார், காயப்படுத்தியவர் குடித்திருந்தாரா என்ற நான்கு கேள்விகளைப் படிவத்தில் சேருங்கள். இதை எழுத சிஸ்டர்கள் தலையில் இன்னொரு நோட்டைக் கட்டாதீர்கள், பதிவுக்கென்று ஒரு ஆளைப் போடுங்கள். தனியார் மருத்துவமனைகளும் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றுத்தான் நடக்கின்றன. பெயர் இல்லாமல், பின்கோடும் குறியீடும் மட்டும் அவர்களும் மாதந்தோறும் தர வேண்டும் என்று ஆணை போடுங்கள். அந்த விவரத்தை வைத்து யாருடைய காப்பீட்டையும் மறுக்கக் கூடாது, போலீஸ் யாரையும் தேடி வரக் கூடாது என்பதையும் அதே ஆணையில் எழுதுங்கள், இல்லையென்றால் நோயாளி உண்மையைச் சொல்லவே மாட்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் பார்க்க வீட்டுக்கு வருகிறவர்கள் குடிப்பழக்கம் பற்றியும் கேட்கட்டும், தேவை இருப்பவருக்கு அங்கேயே சிகிச்சைக்கு வழி சொல்லட்டும்.

மாநகராட்சி ஆணையர் அவர்களே, 200 வட்டங்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்ணிக்கையை, மக்கள்தொகையில் லட்சத்துக்கு எத்தனை என்ற கணக்கில், தமிழில் வெளியிடுங்கள். தெருப் பெயர் வேண்டாம், ஆள் அடையாளம் தெரிகிற எதுவும் வேண்டாம். தனியார் கணக்கு வந்து சேரும் வரை இது அரசு மருத்துவமனைக் கணக்கு மட்டும் என்று மேலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள். முதல் பட்டியலோடு 2020 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான பதிவுகளையும் தொகுத்துத் தாருங்கள்.

மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைச் செயலாளர் அவர்களே, இனி சென்னையில் ஒரு கடையைத் திறக்கும்போதோ இடம் மாற்றும்போதோ 50 மீட்டர் டேப்போடு அந்த வட்டத்தின் இந்த எண்ணிக்கையையும் பாருங்கள். நகரச் சராசரிக்கு மேல் இருக்கும் வட்டத்துக்குள் வேறு இடத்திலிருந்து கடையைக் கொண்டு வரக் கூடாது என்று விதியைத் திருத்துங்கள். கடைவாரியான மாத விற்பனையையும் வெளியிடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம். எந்த வட்டத்தில் சேர்க்கை அதிகமோ அந்த வட்டத்துக்கு, அங்கே விற்ற பணத்திலிருந்தே மீட்புப் படுக்கைக்கும் மாலை நேர மையத்துக்கும் ஒதுக்குங்கள்.

எங்கள் மார்க்கெட் முனைக் கடை விஷயத்தில் ஒன்றே ஒன்று: அதை அங்கே வைத்தபோது என்னென்ன பார்த்தீர்கள் என்ற கோப்பின் நகலை எங்களுக்குக் கொடுங்கள். அதில் ஆஸ்பத்திரிக் கணக்கு இல்லை என்றால், கணக்கு எடுத்து முடிக்கும் வரை அந்தக் கடையை மூடி வையுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர், எங்கள் தெருவில் உள்ள பெண்கள் சார்பாகவும்